சிஎஃப் பித்தநாளச் செல் வீங்கினால் ஏன் மறுபடி சுருங்குவதில்லை? இதில் பொட்டாசியம் எங்கிருந்து வந்தது?

பித்தம்_தலைக்கேறியவன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை ஜர்னல் கிளப்பில் நான் பேச வேண்டும். எனக்கு வந்து சேர்ந்தது 2004இல் வெளியான ஒரு சுண்டெலி ஆய்வு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சிஎஃப்) என்ற பரம்பரை நோய் உள்ள சுண்டெலியின் கல்லீரலிலிருந்து பித்தநாளச் செல்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்தெடுத்து, செறிவு குறைந்த கரைசலை அவற்றின் மேல் ஓடவிட்டு, வீடியோ மைக்ரோஸ்கோப்பில் அளந்திருக்கிறார்கள். நார்மல் கொத்து 10 நிமிடத்தில் பரப்பளவில் 20 சதவீதம் வீங்குகிறது, அப்புறம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி 40ஆவது நிமிடத்தில் ஆரம்ப அளவைவிட 7 சதவீதம் மட்டும் அதிகம் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறது. சிஎஃப் கொத்தும் அதே 10 நிமிடத்தில் அதே 20 சதவீதம் வீங்குகிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறது, இறங்குவதே இல்லை.

இதுவரை சரி. என் வழிகாட்டியிடம் கேட்டபோது, "சிஎஃப்டிஆர் ஒரு குளோரைடு சேனல், சிஎஃப்பில் அது இல்லை, குளோரைடு வெளியே போக வழியில்லை, அதனால் சுருங்கவில்லை, இதில் என்ன குழப்பம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அறைக்கு வந்து அடுத்த படத்தைப் பார்த்தால், சிஎஃப் செல்லுக்கு வேலினோமைசின் கொடுத்தவுடன் அது ஒழுங்காகச் சுருங்குகிறது! வேலினோமைசின் பொட்டாசியத்தை மட்டும் சவ்வைத் தாண்டிக் கொண்டுபோகும் பொருள், குளோரைடுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழுதானது குளோரைடு வாசல், சரியாவது பொட்டாசியத்தால். மூன்று நாளாக இதையே நினைத்து நினைத்து என் பெயருக்கேற்ற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

இன்னொரு சின்னக் கேள்வியும் உண்டு. கரைசலில் சோடியம் குளோரைடில் 40 சதவீதத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகச் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், போட்டிருக்கிறார்கள். எதற்கு இந்தச் சுற்று வேலை? நேராகத் தண்ணீர் ஊற்றிக் கரைசலை நீர்க்கச் செய்தால் போதாதா?

உப்புச்சமன்:

உங்கள் வழிகாட்டி சொன்ன விடையைத்தான் பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். விடை தவறாகப் போகும் இடம் எது என்று பார்த்தால் மற்றது தானாகப் புரிந்துவிடும்.

முதலில் செல் எப்படிச் சுருங்குகிறது? தண்ணீரைப் பிடித்து வெளியே தள்ளும் பம்பு எந்தச் செல்லிலும் கிடையாது. உள்ளே கரைந்திருப்பதை வெளியே விட வேண்டும், தண்ணீர் அதன் பின்னால் போகும். செல்லுக்குள் அதிகமாக இருப்பது பொட்டாசியம், சுமார் 140 மில்லிமோலார், வெளியே 4 அல்லது 5தான். ஆகவே விரைவாக வெளியேற்ற வசதியான சரக்கு அதுதான். டாரின் போன்ற சின்னச் சின்னக் கரிமப் பொருள்களும் போகும், ஆனால் கனமான பங்கு பொட்டாசியமும் குளோரைடும் சேர்ந்து போவது.

"சேர்ந்து" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. பொட்டாசியம் நேர்மின்சுமை, குளோரைடு எதிர்மின்சுமை. இரண்டும் தனித்தனி வாசல் வழியாகப் போகலாம், ஆனால் ஒன்று மட்டும் தனியாகப் போக முடியாது. சும்மா சொல்லவில்லை, கணக்கே போட்டுப் பார்க்கலாம். செல்லை 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஓர் உருண்டை என்று வையுங்கள். அதன் சவ்வு மின்னழுத்தத்தை 50 மில்லிவோல்ட் நகர்த்த சுமார் 10 லட்சம் அயனிகள் தனியாகக் கடந்தால் போதும். 10 லட்சம் பெரிய எண்ணாகத் தோன்றும், ஆனால் அதே செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் அயனிகள் 4,000 கோடிக்கும் மேல். அதாவது உள்ளே இருப்பதில் கண்ணுக்கே தெரியாத ஒரு துளி தனியாக வெளியேறினாலே மின்னழுத்தம் தலைகீழாகிவிடும், கன அளவில் மாற்றம் எதுவும் வந்திருக்காது.

இப்போது சிஎஃப் செல்லுக்கு வாருங்கள். குளோரைடு வாசல் திறந்திருக்கிறது, பொட்டாசியம் வாசல் மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளோரைடு வெளியேறத் தொடங்கும், உள்ளே நேர்மின்சுமை மிஞ்சும், சவ்வு மின்னழுத்தம் குளோரைடின் சமநிலை மின்னழுத்தத்தை நோக்கி நகரும். உள்ளே 35, வெளியே 110 மில்லிமோலார் என்று வைத்தால் அது ஏறக்குறைய மைனஸ் 30 மில்லிவோல்ட். அங்கே போய்ச் சேர்ந்ததும் வெளியே தள்ளும் விசையும் உள்ளே இழுக்கும் விசையும் சமமாகிவிடும், குளோரைடு நின்றுவிடும். கதவு அகலத் திறந்தே கிடக்கும், ஆனால் ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். பொட்டாசியத்தின் சமநிலை மைனஸ் 90 பக்கத்தில். அதன் வாசல் திறந்தால் மின்னழுத்தம் அந்தப் பக்கம் இழுபடும், குளோரைடுக்கு மறுபடி வெளியேறத் தெம்பு வரும். தேர் நகர இரண்டு வடமும் இழுபட வேண்டும்.

இதை வைத்து உங்கள் படத்தைப் பாருங்கள். வேலினோமைசின் பொட்டாசியத்துக்கு மட்டும் வழி கொடுக்கிறது. அதைக் கொடுத்ததும் சிஎஃப் செல் சுருங்குகிறது என்றால், குளோரைடுக்கு ஏற்கெனவே ஒரு வழி திறந்திருந்தது என்றுதான் அர்த்தம். சிஎஃப்டிஆர் இல்லாத செல்லிலும்! ஆகவே அடைபட்டிருந்தது பொட்டாசியத்தின் பாதை. அதற்கு அடுத்த சோதனையை விட்டுவிடாதீர்கள். வேலினோமைசினோடு என்பிபிபி என்ற குளோரைடு சேனல் தடுப்பானையும் சேர்த்தபோது அந்தச் சுருக்கம் தடைபட்டது. வேலினோமைசின் ஏதோ சவ்வைக் கெடுத்துப் பொத்தல் போட்டதால் செல் சுருங்கவில்லை, குளோரைடு முறையான வாசல் வழியாகவே போயிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. என் கணக்கில் அந்தக் கட்டுரையின் உயிர்நாடி அந்த ஒரு படம்தான்.

நடுவில்_நுழைபவன்:

அப்போ சுருக்கமா, சிஎஃப்டிஆர்தான் செல் வீங்கினால் திறக்கும் சேனல், அது பொட்டாசியத்தையும் கடத்தும் என்று சொல்லலாமா?

உப்புச்சமன்:

இரண்டுமே இல்லை. சிஎஃப்டிஆர் எதிர்மின் அயனிச் சேனல், குளோரைடும் பைகார்பனேட்டும் போகும், பொட்டாசியம் போகாது. அதைத் திறப்பது வீக்கம் இல்லை, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறு. செக்ரட்டின் ஹார்மோன் பித்தநாளச் செல்லின் அடிப்பக்க ஏற்பியில் ஒட்டினால் சைக்ளிக் ஏஎம்பி ஏறும், புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதி சிஎஃப்டிஆரின் ஒழுங்குபடுத்தும் பகுதியில் பாஸ்பேட்டுகளை ஒட்டும் (கைனேஸ் என்றாலே பாஸ்பேட் ஒட்டும் நொதி), அப்புறம் செல்லின் எரிபொருள் மூலக்கூறான ஏடிபி பிணைந்ததும் வாசல் திறக்கும். வெளியேறிய குளோரைடைப் பக்கத்திலுள்ள ஏஇ2 பரிமாற்றி உள்ளே எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பைகார்பனேட்டை நாளத்துக்குள் விடும், அக்வாபோரின் என்ற நீர் வாசல் வழியாகத் தண்ணீர் தொடரும். பித்தநீர் இளகி ஓடுவதற்கு இதுதான் காரணம்.

வீங்கினால் திறக்கும் குளோரைடு சேனல் வேறு. அது என்ன புரதம் என்று பல வருடம் தேடி, 2014இல்தான் எல்ஆர்ஆர்சி8ஏ என்று இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. கால்சியத்தால் திறக்கும் டிஎம்இஎம்16ஏ இன்னொன்று, அது 2008இல் அடையாளம் தெரிந்தது, பித்தநாளச் செல்லிலும் இருக்கிறது. ஆகவே சிஎஃப் செல்லில் குளோரைடுக்கு மாற்று வழிகள் உண்டு. 2004 கட்டுரைக்காரர்களுக்கு அந்த இரண்டு பெயருமே தெரிந்திருக்க வழியில்லை, அதனால் கலந்துரையாடல் பகுதியில் தடுப்பான்களை வைத்துச் சுற்றி வளைத்துப் பேசியிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பைப்பெட்_பாட்டி:

சுக்ரோஸ் கேள்விக்கு யாரும் வரவில்லையே, நான் வருகிறேன். தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்தால் என்ன ஆகும்? ஆஸ்மோலாலிட்டி, அதாவது கரைந்திருப்பவற்றின் மொத்தச் செறிவு, மட்டுமா குறையும், சோடியம் குறையும், குளோரைடு குறையும், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் குறையும். அப்போது செல்லில் பார்க்கிற மாற்றம் வீக்கத்தால் வந்ததா, வெளியே குளோரைடு குறைந்ததால் வந்ததா என்று சொல்லவே முடியாது. குளோரைடு வெளியே குறைந்தால் மேலே உப்புச்சமன் சொன்ன சமநிலை மின்னழுத்தமே இடம் மாறிவிடும். அதனால் முதலிலேயே உப்பைக் குறைத்து அந்த இடத்தைச் சர்க்கரையால் நிரப்பி "சம" கரைசல் செய்கிறோம். பிறகு சர்க்கரையை மட்டும் விட்டுவிட்டால் அதுவே "குறை" கரைசல். இரண்டிலும் உப்பு அயனிகள் ஒரே அளவு, மாறுவது ஆஸ்மோலாலிட்டி மட்டும். சுற்று வேலை இல்லை தம்பி, சுத்தமான வேலை.

கொத்துகளைப் பற்றி ஒன்று. உள்ளே குழிவு மூடிக்கொண்ட கொத்துகளை இந்த அளவீட்டுக்கு எடுக்கக் கூடாது, குழிவில்லாத கொத்துதான் வேண்டும். குழிவுள்ளது என்றால் செல் நீரைக் குழிவுக்குள் சுரக்கும், குழிவு உப்பும், வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்குக் கொத்தே வீங்கியது போலத் தெரியும். நார்மல் செல் நன்றாகச் சுரக்கும், சிஎஃப் செல் சுரக்காது, அந்த வித்தியாசமே உங்கள் கன அளவு வரைபடத்துக்குள் புகுந்து குழப்பும். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் "குழிவு இல்லாத" என்று ஒரு சொல் போகிறபோக்கில் வந்திருக்கும், செமினாரில் அதைச் சுட்டிக்காட்டினால் முன்வரிசை நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம் அந்த 20 சதவீதம் பரப்பளவு, கன அளவு இல்லை. உருண்டை என்று எடுத்துக்கொண்டால் பரப்பு 1.2 மடங்கு ஆகும்போது கன அளவு 1.2இன் ஒன்றரை அடுக்கு, அதாவது ஏறக்குறைய 1.31 மடங்கு. கொத்து அச்சு அசல் உருண்டையாக இருக்காது, கண்ணாடியில் ஒட்டிக் கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கும், ஆகவே 1.31 என்று சாதிக்க வேண்டாம், ஆனால் "20 சதவீதக் கன அளவு" என்று ஸ்லைடில் எழுதிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. ஆராய்ச்சி தொடங்கிய புதிதில் எனக்குச் சிஎஃப் செல்களும் அழகாகச் சுருங்கின. நார்மல் போலவே. ஒரு மாதம், விதவிதமாக, ஒவ்வொரு முறையும். உலகம் முழுக்கத் தவறு, நான்தான் சரி என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் செல்லே இல்லாமல், வெறும் கரைசலை அதே அறையில் 37 டிகிரியில் 40 நிமிடம் வைத்து எடுத்து ஆஸ்மோமீட்டரில் போட்டுப் பார்த்தால் எண் ஏறிக் கிடக்கிறது. ஓட்டமில்லாத சின்ன அறை, மேலே மூடி இல்லை, மைக்ரோஸ்கோப்பின் சூடு வேறு. தண்ணீர் ஆவியாகிக் கரைசல் செறிவாகிக்கொண்டே வந்திருக்கிறது, செல் வெறும் சவ்வூடுபரவலால் சுருங்கியிருக்கிறது, நான் அதை வாசல் திறந்த சுருக்கம் என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறேன். அன்றிலிருந்து சோதனையின் முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று ஆஸ்மோலாலிட்டி அளக்காமல் நான் எந்த வரைபடத்தையும் நம்புவதில்லை, என்னுடையதையும் சேர்த்து.

பித்தம்_தலைக்கேறியவன்:

பாட்டி, சிரிக்கவில்லை, நேற்று என் கரைசலையும் நான் திறந்துதான் வைத்திருந்தேன்.

உப்புச்சமன் ஐயா, குளோரைடு பகுதி தெளிவாகிவிட்டது. ஆனால் அசல் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. சிஎஃப்டிஆர் இல்லாமல் போனால் பொட்டாசியம் சேனல் ஏன் திறக்கவில்லை? அது வேறு ஜீன், வேறு புரதம். சிஎஃப்டிஆர் 7ஆவது குரோமோசோமில் இருப்பது வரை படித்துவிட்டேன், பொட்டாசியம் சேனல் ஜீனுக்கு எந்தப் பழுதும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் நம் வீட்டுக் கதவு ஏன் மூட வேண்டும்?

அயனி_ஆறுமுகன்:

கதவு மூடவில்லை, கதவைத் தட்டுகிறவர் வரவில்லை. அப்படித்தான் மூச்சுக்குழாய்ச் செல் ஆய்வுகள் காட்டின.

இதைப் பித்தநாளத்தில் மட்டும் பார்த்தால் விளங்காது, சிஎஃப்பில் மற்ற திசுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1995இல் சிஎஃப் சுண்டெலியின் சிறுகுடல் குழிச் செல்களில் இதே கோளாறைப் பார்த்தார்கள், வீங்கும், இறங்காது. அங்கேயும் கிராமிசிடின் என்ற பொருளால் நேர்மின் அயனிகளுக்குத் துளை போட்டுக் கொடுத்ததும் சுருங்கியது. 2001இல் மனித மூச்சுக்குழாய்ச் செல். அங்கே கொஞ்சம் ஆழமாகத் தோண்டி, வீக்கத்தால் திறக்கும் குளோரைடு மின்னோட்டம் சிஎஃப் செல்லிலும் நார்மல் செல்லிலும் ஒன்றுபோல் இருக்கிறது, திறக்காமல் நிற்பது கால்சியத்தால் திறக்கும் இடைநிலைக் கடத்துதிறன் கொண்ட பொட்டாசியம் சேனல் என்று கண்டார்கள். அந்தச் சேனலில் பழுதில்லை, சிஎஃப் செல்லிலும் அது இருக்கிறது. வீங்கும்போது அதைத் திறக்க வேண்டிய கால்சியம்தான் வருவதில்லை. 2004இல் அதே வழியில் இன்னோர் அடி எடுத்து வைத்து, அந்தக் கால்சியத்தை உள்ளே விடும் வாசல் டிஆர்பிவி4, சிஎஃப் மூச்சுக்குழாய்ச் செல்லில் அது வீக்கத்துக்கு மசிவதில்லை என்றார்கள். ஆகச் சங்கிலி இப்படி: வீக்கம், டிஆர்பிவி4, கால்சியம், பொட்டாசியம் சேனல். சிஎஃப்டிஆர் இல்லாவிட்டால் இரண்டாவது கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது.

பித்தநாளச் செல்லிலும் டிஆர்பிவி4 உண்டு, வேடிக்கையாக, நாளத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிலியம் என்ற சின்ன மயிரில் அமர்ந்து பித்தநீரின் செறிவை மோப்பம் பிடிக்கிறது. அப்படியானால் அதே சங்கிலியை இங்கேயும் ஒட்டிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். ஒட்டாதீர்கள். உங்கள் 2004 சுண்டெலிக் கட்டுரையிலேயே தடை இருக்கிறது. அவர்கள் சிஎஃப் கொத்துகளுக்குக் கால்சியத்தை ஏற்றும் பொருளும் கொடுத்துப் பார்த்தார்கள், சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றும் பொருளும் கொடுத்துப் பார்த்தார்கள், எதற்கும் செல் சுருங்கவில்லை. கால்சியம் வராததுதான் முழுக் குறை என்றால் கால்சியத்தை ஏற்றிவிட்டதும் சரியாகியிருக்க வேண்டும். ஆகவே பித்தநாளத்தில் அறுந்திருப்பது அதற்கும் கீழே, பொட்டாசியம் சேனலுக்குப் பக்கத்தில் எங்கோ.

அங்கே என்ன இருக்கலாம் என்பதில் ஆளுக்கொரு கட்சி. ஒரு கட்சி ஏடிபி. பித்தநாளச் செல் வீங்கினால் ஏடிபியை வெளியே விடும், அது பக்கத்து ஏற்பிகளில் ஒட்டிக் கால்சியத்தை ஏற்றிச் சேனல்களைத் திறக்கும், அந்த ஏடிபி வெளியேற சிஎஃப்டிஆர் வேண்டும் என்று காட்டிய ஆய்வு உண்டு. இன்னொரு கட்சி, சிஎஃப்டிஆரின் வால் நுனி சவ்வுக்கடியில் உள்ள தாங்கு புரதங்களைப் பற்றிக்கொண்டு மற்ற சேனல்களையும் கைனேஸ்களையும் ஒரே கூடாரத்தில் கூட்டி வைக்கிறது, அது போனால் கூடாரம் கலைகிறது என்பது. எனக்கு இரண்டாவது கட்சி பிடிக்கும், ஏனென்றால் கால்சியம் கொடுத்தும் சரியாகாததை அது சங்கடமில்லாமல் விளக்குகிறது. ஆனால் பிடித்திருப்பது வேறு, நிரூபித்திருப்பது வேறு. ஜர்னல் கிளப்பில் இரண்டையும் போட்டுவிட்டு உட்காருங்கள், சண்டையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஓர்_அம்மா:

மன்னிக்கவும், நான் ஆராய்ச்சியாளர் இல்லை, தேடும்போது இந்தப் பக்கம் வந்தேன். என் மகனுக்கு 8 வயது, சிஎஃப். போன முறை ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் கொஞ்சம் கூடுதல் என்றார்கள், உர்சோடியாக்ஸிகோலிக் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். நீங்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் "செல் வீங்கும், சுருங்காது" என்பது மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. அவன் விளையாடிவிட்டு வந்து நிறையத் தண்ணீர் குடிப்பான். அதனால் கல்லீரல் செல் வீங்குமா?

கல்லீரல்_காவலன்:

அம்மா, தண்ணீர் குடிப்பதால் இந்தக் கட்டுரையில் வருவது போன்ற வீக்கம் வராது, நிம்மதியாக இருங்கள். ஆய்வகத்தில் செய்வது ஒரு நொடியில் வெளிக் கரைசலையே மாற்றிவிடும் முரட்டு வைத்தியம், வாசல்கள் திறக்கின்றனவா என்று பார்க்கச் செல்லைக் கிள்ளிப் பார்ப்பது மாதிரி. உடம்பில் சிறுநீரகமும் தாகமும் சேர்ந்து ரத்தத்தின் செறிவை 275க்கும் 295 மில்லி ஆஸ்மோலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன, ஒரு சொம்புத் தண்ணீருக்கெல்லாம் அது அசையாது.

சிஎஃப் பிள்ளைகளுக்கு எதிர்ப்பக்கக் கவலைதான் உண்மையானது. வியர்வைக் குழாயில் சிஎஃப்டிஆர் வேலை செய்யாததால் உப்பு திரும்ப உறிஞ்சப்படாமல் வியர்வையோடு போய்விடும், வியர்வைப் பரிசோதனையில் குளோரைடு 60 மில்லிமோலாருக்கு மேல் காட்டுவது அதனால்தான். வெயிலில் வியர்க்க வியர்க்க விளையாடிவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைய வாய்ப்புண்டு. தண்ணீரைக் குறைக்கவே வேண்டாம், அதோடு எவ்வளவு உப்பு சேர்க்க வேண்டும் என்று உங்கள் சிஎஃப் மருத்துவரிடம் அடுத்த முறை கேளுங்கள், அவன் எடைக்கும் விளையாட்டுக்கும் ஏற்ற அளவைச் சொல்வார்கள்.

கல்லீரல் எண்களைப் பற்றி. சிஎஃப் பிள்ளைகள் பலருக்கு அவை அவ்வப்போது ஏறி இறங்கும். முற்றிய ஈரல் இறுக்கம் (சிரோசிஸ்) வரை போவது 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான், வருவதாக இருந்தால் பெரும்பாலும் சிறு வயதிலேயே தலைகாட்டும், அதனால்தான் இந்த வயதில் அடிக்கடி பார்க்கிறார்கள். அந்த மாத்திரை பித்தநீரை இளக்கி ஓடவிட உதவும், ரத்த எண்களும் இறங்கலாம். ஆனால் ஈரல் இறுக்கத்தையே அது தடுத்துவிடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, இதை உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். சிஎஃப்டிஆரை வேலை செய்ய வைக்கும், எலெக்ஸாகாஃப்டார் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை பற்றிப் பேச்சு வந்தால், அதைத் தொடங்கும் முன்பும் தொடங்கிய பிறகும் கல்லீரல் பரிசோதனை கட்டாயம், முற்றிய கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். அவன் எண்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள், ஒற்றை எண்ணைவிட அது போகும் போக்குதான் மருத்துவருக்குப் பயன்படும்.

ஓர்_அம்மா:

நன்றிங்க. நோட்டு வாங்கிவிட்டேன்.

மறுப்பாளன்_மணி:

எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், செறிவு குறைந்ததல்ல, சாதாரணத் தண்ணீர். செல் சுருங்காதது அழகான உடலியங்கியல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிஎஃப் கல்லீரல் நோய்க்கு இதுவா காரணம்? சிஎஃப்டிஆர் இல்லாத சுண்டெலி 1992இலிருந்தே இருக்கிறது. அவற்றின் பித்தநாளச் செல் இப்படித் தடுமாறுகிறது, ஆனால் மனிதருக்கு வரும் மாதிரி ஈரல் இறுக்கம் அவற்றுக்குப் பெரும்பாலும் தானாக வருவதில்லை. குடலில் வீக்கத்தைத் தூண்டிக் கிருமிப் பொருள்கள் கல்லீரலுக்குப் போகும்படி செய்தால் பித்தநாளம் சேதமாகிறது. சிஎஃப்டிஆர் இல்லாத செல்லில் எஸ்ஆர்சி கைனேஸ் கட்டவிழ்ந்து, கிருமிப் பொருளை உணரும் டிஎல்ஆர்4 ஏற்பி சின்னத் தூண்டலுக்கும் கத்திக் கூப்பாடு போடுகிறது என்று 2011இல் காட்டினார்கள். மனிதரில் பார்த்தால் ஒரே மாதிரி மோசமான சிஎஃப்டிஆர் மாற்றம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு ஈரல் கெடுகிறது, மற்றவருக்கு ஒன்றுமில்லை. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் ஜீனின் இசட் வடிவம் ஒரு பிரதி இருந்தாலே ஆபத்து பல மடங்கு ஏறுகிறது என்று 2009இல் வந்தது. இதில் எந்த மூலையில் பொட்டாசியம் சேனலை வைப்பீர்கள்?

அயனி_ஆறுமுகன்:

மூலையில்தான் வைப்பேன், நடுக்கூடத்தில் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன எஸ்ஆர்சி கதையும் என் கூடாரக் கதையும் ஒரே குடும்பம் என்பதைக் கவனியுங்கள். அங்கேயும் சிஎஃப்டிஆர் செய்தது குளோரைடைக் கடத்துவது மட்டுமில்லை, சவ்வுக்கடியில் ஒரு கைனேஸை அடக்கி வைத்திருந்தது. இரண்டிலும் போனது வாசல் மட்டுமில்லை, வாசற்படியில் உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்த ஆள்.

இன்னொன்று, பித்தநாளச் செல் உடம்பில் வீங்கவே வாய்ப்பில்லை என்பது போலப் பேச வேண்டாம். அது பித்த அமிலத்தையும் குளுக்கோஸையும் சோடியத்தோடு சேர்த்து உள்ளே இழுக்கிற செல், இழுத்தால் தண்ணீரும் பின்னால் வரும். அதைச் சரிசெய்யும் வழி கெட்டிருந்தால் சுரப்பும் கெடும், ஏனென்றால் பொட்டாசியம் வெளியேறினால்தான் குளோரைடை நாளத்துக்குள் தள்ளும் மின்விசை தொடரும். பித்தநாளச் செல்கள் கல்லீரல் செல்களில் 3 முதல் 5 சதவீதம்தான், ஈரலில் சிஎஃப்டிஆர் இருப்பதும் அவற்றின் நாளப்பக்கச் சவ்வில்தான், கல்லீரலின் பெரும்பான்மைச் செல்லான ஹெபட்டோசைட்டில் இல்லை. இத்தனை சின்னக் கூட்டம் தடுமாறியதற்கு முழு ஈரலும் விலை கொடுக்கிறது.

மறுப்பாளன்_மணி:

மூலை என்றால் சரி. நடுக்கூடம் என்றால் மறுபடி வருவேன்.

பித்தம்_தலைக்கேறியவன்:

ஸ்லைடு வரைந்துவிட்டேன். ஒரு செல், இரண்டு வாசல், குளோரைடு வாசல் திறந்திருக்கிறது, பொட்டாசியம் வாசல் மூடியிருக்கிறது, குளோரைடு அயனி வாசலில் நின்று உள்ளே திரும்பிப் பார்க்கிறது. வழிகாட்டியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "வேலினோமைசினுக்கு கன்ட்ரோல் என்ன?" என்று மட்டும் கேட்டார். என்பிபிபி என்றேன். "அது ஒரு கன்ட்ரோல், இன்னொன்று?" என்கிறார். விழித்துக்கொண்டு நிற்கிறேன், யாராவது?

பைப்பெட்_பாட்டி:

வேலினோமைசின் தண்ணீரில் கரையாது தம்பி, எத்தனாலிலோ டிஎம்எஸ்ஓவிலோ கரைத்துத்தான் சேர்ப்பார்கள். அந்தக் கரைப்பான் மட்டும் போட்ட சிஎஃப் கொத்து சுருங்குகிறதா என்று காட்ட வேண்டும், அதைத்தான் கேட்கிறார். செய்முறைப் பகுதியில் தேடிப் பாருங்கள். அப்படியே என்பிபிபி சிஎஃப்டிஆரையும் மற்ற பல சேனல்களையும் சேர்த்துத் தடுக்கும் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் அவருடைய அடுத்த கேள்வியாக இருக்கும். உங்கள் கரைசலை மூடிவிட்டீர்களா?

பித்தம்_தலைக்கேறியவன்:

மூடிவிட்டேன் பாட்டி. முதலிலும் கடைசியிலும் அளந்தேன், 4 மில்லி ஆஸ்மோல்தான் வித்தியாசம்.